அப்பா கூட்டிச் சொன்ன அடிகள்

எண்பதுகளின் பிற்பாதியில் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வந்தது. காவிரியிலிருந்து ஒரு சொட்டுகூட எங்கள் குடத்துக்கு வராது. ஆனாலும் எங்கள் காம்பவுண்டில் விடிந்தும் விடியாததுமாக மேட்டூர் அணையைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். லாரிக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து, “இன்னா சார், எங்கியோ கீற தண்ணியப் பத்திப் பேசிகினு கீறீங்க, இங்க வந்த தண்ணியப் புடிக்க ஆளக் காணோம்” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் கோபம் நியாயமானதுதான்.

காம்பவுண்டில் இரண்டு போர்ஷன். பின் போர்ஷனில் நாங்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம்; அங்கே பெரியப்பா விவசாயம் பார்த்தார். அப்பா வயலில் இறங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தும், பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது அணையின் நீர்மட்டம் போட்டிருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தைத்தான். ஜூன் பன்னிரண்டாம் தேதி அணை திறந்தால் எங்கள் வீட்டில் பாயசம். அணை வருவதற்கு முன்னால் ஒரு வருஷம் வெள்ளம் பயிரை அடித்துக்கொண்டு போகும், மறு வருஷம் ஆற்றில் மணல்தான் ஓடும் என்று தன் தாத்தா சொன்னதை அப்பா கண்ணால் பார்த்த மாதிரி சொல்வார். குறுவை, சம்பா, கரண்டு, மீன், தொழிற்சாலை என்று அணையின் பயன்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போவார். எழுந்து போகவும் முடியாது, பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

முன் போர்ஷனில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தனியாக இருந்தார். தெருவுக்கே அவர் சிஸ்டரம்மா. அணை கட்டியபோது நீருக்குள் போன ஊர்களில் அவர் ஊரும் ஒன்று. ஐந்தாறு வயதில், கோயிலிலிருந்து இறக்கிய மாதா சுரூபம் ஒரு மாட்டுவண்டியிலும் தான் இன்னொரு வண்டியிலுமாக வெளியேறியதாகச் சொல்வார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பிரசவத்தில் அவர் அம்மா இறந்து, கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்திருந்தார்கள். சுரூபத்தை எடுத்துவந்தவர்கள் அம்மாவை விட்டுவிட்டார்கள் என்பார். அழ மாட்டார். ஊசி போடுகிறவர் குரலில் சொல்வார்.

தண்ணீர் எண்பது அடிக்குக் கீழே போனால் கோபுர முனை தெரியுமாம். எழுபதுக்குக் கீழே போனால் கல்லறை வரைக்கும் நடந்தே போகலாமாம். வேலையில் இருந்த வரையில் தண்ணீர் இறங்கியபோதெல்லாம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை; லீவு கிடைத்தபோதெல்லாம் தண்ணீர் இறங்கவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். இவர் எங்கள் கிணற்று மேடையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார். தண்ணீருக்குள் இருக்கிறவளுக்கு வேறு எங்கே போய் ஏற்றுவது என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே பேப்பர். அப்பா ஏறணும் என்று வேண்டிக்கொள்வார், அவர் இறங்கணும் என்று. “என்ன சிஸ்டரம்மா, உங்க மாதா இன்னிக்குத் தோத்துட்டா, ரெண்டு அடி ஏறியிருக்கு” என்று அப்பா சீண்டுவார். “மழை எத்தனை நாளைக்குங்க சார்” என்று அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். இருவருக்கும் மனஸ்தாபம் வந்து நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. எழுத்து தெரியவில்லை. ஆபரேஷனுக்கு இன்னும் முற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காலையில் அப்பா மட்டத்தைப் படித்துச் சொல்வது வழக்கமாயிற்று. ரேடியோவில் எப்போதாவதுதான் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஜூன் பன்னிரண்டு வந்தது, போனது, அணை திறக்கவில்லை. பெரியப்பாவின் கடிதங்களைப் படித்துவிட்டு அப்பா சாப்பிடாமல் ஆபீஸ் போனார். முன் போர்ஷனில் சிஸ்டரம்மா ஒரு பையில் மாற்றுப் புடவையும் ஃபிளாஸ்க்கும் எடுத்து வைத்தார். எழுபதுக்கு வந்ததும் கிளம்பிவிட வேண்டும், சேலத்தில் தம்பி மகன் இருக்கிறான், கூட்டிக்கொண்டு போவான் என்றார்.

ஒருநாள் அப்பா “எண்பத்திரண்டு” என்று சொன்னது என் காதில் விழுந்தது. கிண்டிக்கு வேலைக்குப் போகிற ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பேப்பரைப் புரட்டினேன். எழுபத்தைந்து என்று போட்டிருந்தது. மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அப்பா, அம்மா என்று பார்க்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். டப்பா காலியாக இருந்தால் நிறைந்திருக்கிறது என்போம், கேட்கிறவருக்குப் புரியும். வாயால் இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று அப்பாவுக்கு அத்தனை பயம்.

“வாய் வரலைம்மா,” என்றார். “குறையறதை நாமளே தினம் சத்தமாப் படிச்சா, அது இன்னும் குறையற மாதிரி இருக்கு. ஊர்ல அண்ணன் நாத்தங்காலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்.”

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. நான்கு வீடு தள்ளிக்கூட இல்லை, முன் போர்ஷன்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்வோம் என்று ரயிலுக்கு ஓடினேன். மறுநாளும் ஓடினேன். மட்டம் அறுபதுகளுக்குப் போனது. அப்பா எண்பதை விட்டு இறங்கவில்லை.

பிறகு கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஒரே வாரத்தில் அணை மளமளவென்று ஏறியது. சம்பா பிழைத்தது. இனிக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அப்பா உள்ளதை உள்ளபடியே உற்சாகமாகப் படித்தார். சிஸ்டரம்மா பையிலிருந்த புடவையை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் சேலத்திலிருந்து தம்பி மகன் வந்தார். ஊர் சனமெல்லாம் கோயில் வரைக்கும் நடந்து போனதையும், பங்குச் சாமியார் வந்து அங்கேயே பூசை வைத்ததையும் சொல்லிவிட்டு, அத்தை மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார். கிணற்றடியில் நின்ற அப்பாவுக்கு அது கேட்டது. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக முன் போர்ஷனுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அப்பா எதையும் மறைக்கவில்லை. குறைகிறதைச் சொல்ல வாய் வராமல் எண்ணைக் கூட்டிச் சொன்னதாக ஒப்புக்கொண்டு, கைகூப்பி நின்றார்.

சிஸ்டரம்மா, “உங்க அண்ணன் வயலுக்குத் தண்ணி போயிடுச்சுங்களா சார்?” என்று கேட்டார்.

“போயிடுச்சு.”

“ஒருதரம் அம்மாவைக் காட்டுன்னு எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தேன். கடவுள் காதுல விழலைன்னே நினைச்சேன். விழுந்திருக்கு சார். நீங்கதான் எங்கிட்ட சொல்லலை.”

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்பாவோடு பேச்சை நிறுத்தவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது வீட்டுக்கே வந்து ஊசி போட்டதும் அவர்தான். ஆனால் அணையைப் பற்றி அப்பாவிடம் அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அடுத்த இரண்டு வருஷமும் நல்ல மழை; அணை இறங்கவே இல்லை. மூன்றாவது வருஷம் அவர் இல்லை.

அப்பா ஒப்புக்கொண்ட மறுநாள் காலை, நான் ரயிலுக்குக் கிளம்பும்போது, சிஸ்டரம்மா பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். என் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தார்.

“இனிமே நீயே படிச்சுச் சொல்லும்மா. நீ மறைக்க மாட்டே.”

நான் பேப்பரைப் பிரித்து, அன்றைய மட்டத்தை ஓர் அடிகூடக் கூட்டாமல் படித்தேன்.