வெயிலில் கத்திய செருப்பு

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கும் எங்கள் சிறிய பட்டறைக்கு, நாங்கள் விண்ணப்பித்திருந்த அரசாங்க ஆராய்ச்சி நிதிக்கான மதிப்பீட்டாளராக அந்த அம்மையார் வந்தார். நரைத்த குட்டை முடி, கசங்கிய பருத்திச் சேலை. எதையும் தானே பாவித்துப் பார்க்காமல் அவர் நம்புவதில்லை.

நானும் தங்கையும் செய்திருந்தது, நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கான செருப்பு. பாதத்தில் ஓரிடம் அதிகம் அழுந்தினால் அது ஒலியெழுப்பி எச்சரிக்கும். அவர் அதைப் போட்டுக்கொண்டு மதிய வெயிலில் மீன் சந்தை வரை நடந்தார். செருப்பு காரணமில்லாமல் கத்திக்கொண்டே போனது. சந்தையே திரும்பிப் பார்த்தது.

நிதி போய்விட்டது என்றே நினைத்தேன். "வெக்கைக்குச் சென்சர் பிழையாக் காட்டுது, மேடம். ஏனெண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "விண்ணப்பத்திலை எல்லாம் சரியெண்டெல்லோ எழுதியிருக்கிறீங்கள். எல்லாம் சரியெண்டால் ஆராய்ச்சிக்கு ஏன் காசு? இப்ப சொன்னதை எழுதி அனுப்புங்கோ."

அப்படியே எழுதினோம். நிதி கிடைத்தது, ஒரு வருடம் மினக்கெட்டு அந்தப் பிழையையும் திருத்தினோம். இன்று குச்சவெளி ஊரில் நீரிழிவுள்ள மீனவர்கள் சிலர் அந்தச் செருப்போடு கடற்கரையில் நடக்கிறார்கள்.

தெரியாது என்று நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அதற்கு முன் கண்டதில்லை.