அப்பாவின் தட்டுக்குக் காவல்

தங்கை பிரெஞ்சுப் பள்ளியின் பிரெவே பரீட்சையில் தேறிவிட்டாள். அதற்காக இன்று மதியம் கடற்கரையோரத்துப் பெரிய பிரெஞ்சு ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிடப் போனோம்.

பாதி மீன் சாப்பிட்ட அப்பா, எங்களோடு பேசுவதற்காகக் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தார். பரிமாறுகிறவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோழிக்கும் அதே கதி.

"மீதிய உள்ள கொண்டுபோய் இவன்தான் திங்கிறான்டா" என்றார் அப்பா.

பரிமாறுகிறவர் காதில் விழுந்துவிட்டது. "ஐயா, ரெண்டையும் சேத்து வச்சா இலைய மூடிட்டீங்கன்னு அர்த்தம்" என்றார்.

"அவனே சட்டம் சொல்றான், அவனே தூக்குறான்!"

ஐஸ்கிரீம் தீரும்வரை அப்பாவின் இடது கை தட்டை விடவில்லை.

சாயங்காலம் வீட்டில் அம்மா இட்லி வைத்தாள். அப்போதும் விடவில்லை.

அம்மா மேலேயே சந்தேகமென்றால், பாவம் அந்த ஓட்டல்காரர் என்ன செய்வார், சொல்லுங்கள்?