தாளின் பின்பக்கம்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கூட்டிப் பெருக்க வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். மாணவிகள் பாடம் நடத்தி, பிள்ளைகளை வரையவைத்து வாங்கிவரும் படத்தை ஓவிய மேடம் நேராகப் பார்க்கவே மாட்டார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுவார். யாரையும் நம்பாத பிறவி என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் என் அக்கா மகளும் அங்கே படித்தாள். அவளுடைய செய்முறைத் தேர்வில், ஒரு பையன் வரைந்த யானைப் படத்தைத் திருப்பித் தடவிய மேடத்தின் விரல் தும்பிக்கை இருந்த இடத்தில் நின்றது.

“பிள்ளைங்க க்ரேயானை அழுத்தித்தான் வரையும், பின்னால தடவினா தடம் தெரியும். இங்க மட்டும் அழுத்தமே இல்லையே. தும்பிக்கை யாரு போட்டது?”

“அந்தப் பையன்தான் மேடம்.”

“யானை பையனோடது, தும்பிக்கை அவங்கப்பாவோடதா?”

அவள் தலைகுனிந்தாள். “குழாய் மாதிரி இருந்துச்சு மேடம். கொஞ்சம் சரி பண்ணினேன்.”

“அது அவன் பார்த்த யானை. உனக்கென்னம்மா அவசரம்?”

தேர்வில் மேடம் அவளைத் தேற விடவில்லை. “அந்தம்மாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் சித்தி,” என்று வீட்டில் வந்து அழுதாள்.

இப்போது மறுதேர்வுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரையவைத்துப் பழகுகிறாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். ஆனாலும் அவள் படத்தைக் கொண்டுவந்து காட்டினால், நானும் முதலில் திருப்பித் தடவித்தான் பார்க்கிறேன்.