மர முதலை புண்டலீக்

வயிறு சேற்றில், முழங்கை நண்டு வளைக்கு மேலே, ஒரு கண் மூடியிருக்க மறு கண் கேமராவில். புண்டலீக் ராய்க்கர் இந்தக் கோலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போதுதான் தும்மல் வரும். வராமல் எங்கே போகும்? விடிந்ததிலிருந்து ஊர் மிளகாயை அரைத்துக் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். மூக்கைக் கிள்ளிப் பார்ப்பார், உதட்டைக் கடித்துப் பார்ப்பார், சாதேரி அம்மனைக் கூப்பிட்டுப் பார்ப்பார். வெடித்தே தீரும். வலைக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி அதற்குள் அக்கரை போய்ச் சேர்ந்திருக்கும். அவர் எழுந்து உட்கார்ந்து வெறும் கம்பத்துக்கு ஒரு கும்பிடு போடுவார். "போயிட்டு வாங்க. எனக்கும் மில்லுல வேலை கிடக்கு."

கார்வார் பக்கம் காளி ஆறு கடலில் சேருகிற இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது தாரிவாடா. ஊருக்கு ஒரே மாவு மில், அது புண்டலீக்குடையது. புருவத்திலும் காது மடலிலும் மாவு படிந்து, ஐம்பதைத் தாண்டிய மனுஷன் எழுபதைத் தொட்டவராகத் தெரிவார். "குளிச்சேன்னா என் பெண்டாட்டிக்கே என்னை அடையாளம் தெரியாது. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்" என்பார். இந்த வெள்ளைத் தலை பறவைகளுக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது என்று ஒருநாள் கண்டுபிடித்து, கறுப்புத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குத் தெரு நாய்கள் துரத்தின.

கடல் ஓதம் இறங்கி ஆற்றில் நீர் வற்றத் தொடங்கினால் அவருக்கு மில்லில் இருப்புக்கொள்ளாது. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கதவில் "இதோ வருகிறேன்" என்ற பலகையைத் தொங்கவிட்டுப் போய்விடுவார். கேமரா மாவுப் பைக்குள் போகும். அரிசித் தூக்கோடு வந்த பெண்கள் பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திரும்புவார்கள். அந்த "இதோ" எங்கள் ஊரில் தனி அளவாகவே ஆகிவிட்டது. மீன் வாங்கப் போன புருஷன் பொழுது சாய வந்து சேர்ந்தால், "இதென்ன, புண்டலீக்கோட இதோவா?" என்றுதான் கேட்கிறார்கள்.

மில்லின் உள்சுவர் முழுக்க அவர் எடுத்த படங்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவரே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்வார். "இது நீர்க்காகம் உட்கார்ற பாறை. நீர்க்காகம் எங்கேன்னு கேட்கக்கூடாது. அது படத்துக்கு வெளியில ரொம்ப அழகா இருந்துச்சு." அடுத்தது கலங்கரை விளக்குத் தீவு. எப்போது எடுத்தாலும் அவருக்கு அந்த விளக்கு ஒரு பக்கம் சாய்ந்துதான் விழும். "பூமியே சாஞ்சுதான் சுத்துதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. அதை நம்பி எடுத்தது." அதற்குக் கீழே செம்பருந்தின் வால். வால் மட்டும். ரயில் பாலத்தில் மங்களூர் வண்டி வரும் என்று வெயிலில் காத்திருந்து எடுத்த படத்தில், வண்டி போன பிறகு தண்டவாளத்தைத் தாண்டுகிற ஆடு ஒன்று இருக்கிறது. கோட்டை மலையைப் பிடிக்கப் போனால் சொல்லி வைத்தாற்போல் ஒரு மணல் லாரி குறுக்கே வந்து நிற்கும். ஒரு படத்தில் லாரி ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சிரிக்கிறார். பாக்குக் கறை படிந்த பல் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிகிறது. கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் புழுதி. அந்த ஓட்டுநர் படத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். "இவர்தான் என் ரசிகர். வேற யாரும் கிடையாது" என்று புண்டலீக் அவரை எல்லாருக்கும் அறிமுகப்படுத்துவார்.

யாரும் சிரிப்பதற்குள் தான் முந்திக்கொண்டு சிரித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அவர் மனைவி காளிந்திக்கு இதில் பெரிய குறை. "திட்டலாம்னு வாயைத் திறந்தா, நான் நினைச்சதைவிட நல்லாவே தன்னைத் தானே திட்டி முடிச்சிருப்பாரு. இந்த வீட்ல எனக்குன்னு ஒரு வேலை மிச்சம் வைக்கறதில்ல" என்பாள். அதற்காக ஆசை இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த ஆற்றையும் அதில் நீந்துவதையும் அதன்மேல் பறப்பதையும் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுக்கவே இல்லை. கண்ணால் பார்த்தது பார்த்தபடி ஒரு படம், ஒரே ஒரு படம் விழுந்துவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். லென்ஸ் துடைக்கக் காளிந்தியின் கல்யாணப் புடவையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக் கிழித்து வைத்திருக்கிறார். அந்தத் துணியைப் பற்றி மட்டும் அவர் வேடிக்கை பேசி யாரும் கேட்டதில்லை.

இனி அந்த முதலை விஷயம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலக் கடைசியில், ஆற்று நடுத் திட்டில் முதலை படுத்திருப்பதைப் புண்டலீக் பார்த்தார். கரையோரமாகவே அங்கும் இங்கும் ஓடிப் படம் எடுத்து ஊர் முழுக்கச் செல்போனில் அனுப்பினார். ஊர் கதிகலங்கிப் போனது. ஆற்றுச் சேற்றில் மட்டிச் சிப்பி எடுக்கிற பெண்கள் தண்ணீரில் கால் வைக்கவில்லை, தோணிகள் கரையேறின, வனக்காவலர்கள் வலையும் கயிறுமாக வந்து இறங்கினார்கள். கிட்டே போய்க் கழியால் தட்டினால் டொக்கென்று சத்தம். சிப்பி ஒட்டிய தென்னை மரத் துண்டு. வேறொருவராக இருந்தால் ஊரை விட்டே போயிருப்பார். புண்டலீக் அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாக அச்சடித்து, மாவு இயந்திரத்துக்கு மேலே மாட்டி, தசராவுக்குத் தசரா மாலை போடுகிறார். விருந்தாளி வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவரும் சளைக்காமல் நடித்துக் காட்டுவார். பயந்து விழித்தது, ஓடியது, மூச்சு வாங்கியது, கடைசியில் மரத்துண்டின் முன்னால் இரண்டு கையையும் கூப்பி, "காப்பாத்துங்க சாமி, நான் வெறும் மாவு அரைக்கிறவன்" என்று கெஞ்சியது. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. முகத்தை எவ்வளவு தீவிரமாக வைத்துக்கொள்கிறாரோ அவ்வளவு சிரிப்பு வரும். ஊரில் அவருக்கு மர முதலை புண்டலீக் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வைத்தவர் அவரேதான்.

போன வருஷம் பிள்ளையார் சதுர்த்தி முடிந்த சமயம். மேலே அணையைத் திறந்துவிட்டதில் ஒரு வாரம் கலங்கி ஓடிய ஆறு தெளிந்திருந்தது. நீர் நன்றாக வற்றியிருந்ததால் மட்டிக்காரப் பெண்கள் எல்லாருமே இறங்கிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கால் விரலால் துழாவி, தட்டுப்பட்டதைக் குனிந்து எடுத்து, பக்கத்தில் மிதக்கிற அலுமினியச் சட்டியில் போடுவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஷேவந்தி. மில்லிலும் ஆற்றிலும் புண்டலீக்கை வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவளுக்கு அவர் பாவோஜி, அவருக்கு அவள் வைனி. கொழுந்தனும் அண்ணியும் என்ற முறை வைத்துத்தான் இத்தனை கேலியும்.

புண்டலீக் கொஞ்ச தூரத்தில், அலையாத்தி மரங்களின் வேர்க்கட்டு ஓரமாக நின்றிருந்தார். பட்ட கிளையில் மீன் பிடிக்கிற கழுகு. அன்றைக்குக் கோதுமை மட்டும்தான் அரைத்திருந்தார், தும்மல் இல்லை. கேமராவைத் தூக்கப் போனவர் கீழே வேர்களுக்கிடையில் ஒரு மரத்துண்டு ஒதுங்கியிருப்பதைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "அட, சம்பந்தி. மறுபடியும் வந்துட்டீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

மரத்துண்டு கண்ணைச் சிமிட்டியது. பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பெண்கள் நின்ற பக்கமாக.

அவர் எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு செருப்பு சேற்றோடு போனது. "ஏறுங்க, எல்லாரும் கரை ஏறுங்க, முதலை" என்று கத்திக்கொண்டே அவர் வருவதைப் பார்த்துப் பெண்கள் நிமிர்ந்தார்கள். யார் என்று தெரிந்ததும் குனிந்துகொண்டார்கள்.

"இந்தத் தடவை என்ன மரம், பாவோஜி? மாவா, பலாவா?" என்றாள் துள்சா. அந்தக் கூட்டத்தில் இளையவள் அவள்தான், அந்த வருஷம் வைகாசியில்தான் கல்யாணமாகி வந்தவள்.

"விளையாட்டு இல்ல துள்சா. என் கண்ணால பார்த்தேன்."

"போன தடவை மட்டும் காதாலயா பார்த்தீங்க?" என்றாள் ஷேவந்தி.

ஆறு முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி தண்ணீரில் முங்கி எழுந்து, "அய்யய்யோ, காலைப் பிடிச்சு இழுக்குதே, யாராச்சும் படம் எடுங்களேன்" என்றாள். புண்டலீக் இரண்டு கையையும் கூப்பினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மில்லில் அவர் கதையை முடிக்கிற கும்பிடு அதுதானே, துள்சாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, அவருடைய வாயே அவருக்கு எதிராகத் திரும்பிக்கொண்டதுதான். நெஞ்சு பதறுகிறது, உதடு மட்டும் பழக்கத்தில் பல்லைக் காட்டுகிறது. அந்த வாயைப் பிடித்துக் கிழிக்கலாம் போலிருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் உட்கார்ந்து தன் சொல்லைத் தானே சல்லிசாக்கிக்கொண்டாயிற்று. இன்றைக்கு இவர்களில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால், அதற்குப் பிறகு எந்தச் சிரிப்பை வைத்து மூடுவது?

நீந்தத் தெரியாத மனுஷன் தண்ணீரில் இறங்கிவிட்டார். முழங்கால், தொடை, இடுப்பு. மாவுத் தலை, சேற்று வேட்டி, மார்பில் தொங்குகிற கேமரா.

"கேமரா நனையுது, பாவோஜி" என்றாள் ஷேவந்தி. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கொஞ்சம் நிதானித்தாள். "சரி, அவ்வளவு நிஜம்னா படத்தைக் காட்டுங்க. பார்த்துட்டு ஏறுறோம்."

"எடுக்கல."

"என்னது?"

"எடுக்கல, வைனி. தோணவே இல்ல. ஓடி வந்துட்டேன்."

ஷேவந்தி சட்டியை விட்டுவிட்டு அவரிடம் வந்து கேமராவைக் கையில் தூக்கிப் பார்த்தாள். லென்ஸின் மூடி கழற்றாமல் அப்படியே இருந்தது. சொந்த மாமனாரின் சிதை எரியும்போது மேலே வட்டமிட்ட பருந்தைப் படம் எடுத்து, காளிந்தியிடம் ஒரு மாதம் பேச்சு வாங்கிய ஆள் இவர். மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் சாக்கடைத் தவளையை எடுத்துக்கொண்டிருந்த ஆள். மூடியையே பார்த்துக்கொண்டிருந்த ஷேவந்தியின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

அவள் திரும்பினாள். "ஏறுங்கடி."

"வைனியும் சேர்ந்துட்டாங்கடீ" என்று துள்சா சிரித்தாள்.

"சட்டியைப் போட்டுட்டு ஏறுன்னா ஏறு. அப்புறமா சிரிக்கலாம்."

அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது. ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு, புடவையைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் கரையோரக் கல் சுவர் மேல் ஏறி நின்றார்கள். புண்டலீக் கடைசியாக ஏறினார். ஆற்றில் சட்டிகள் தனியே மிதந்துகொண்டிருந்தன. வேறு ஒன்றும் இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்குக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

பார்த்தார்கள், பார்த்தார்கள். ஒருத்தி பெருமூச்சு விட்டாள். இன்னொருத்தி, "என் மட்டியெல்லாம் போகுதே" என்றாள். பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. ஷேவந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்து, தன்னையும் தப்பிக்க வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியும். அவர் மிதக்கிற சட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துள்சாவின் சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, கவிழ்ந்து, மட்டிகளைக் கொட்டியது. அதன் பக்கத்தில் ஒரு மூக்கு எழுந்தது, கண்கள் எழுந்தன, பிறகு முள் முள்ளான முதுகு நீளமாக, முடிவே இல்லாததுபோல் மேலே வந்தது. வெயில் நேராக அதன் மேல் அடித்தது. அது அவசரப்படவில்லை. துள்சா நின்றிருந்த இடத்தில் அது மிதந்துகொண்டிருந்தது. துள்சா சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில், "எடுங்க பாவோஜி, எடுங்க, சீக்கிரம் எடுங்க" என்றார்கள். "அசையாம நிக்குது, உங்களுக்குன்னே நிக்குது." ஷேவந்தி பொறுக்க மாட்டாமல் அவர் மார்பில் தொங்கிய கேமராவின் மூடியைத் தானே கழற்றி, தோளைப் பிடித்து ஆற்றுப் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

புண்டலீக் திரும்பவில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரலை நீட்டி, சுவர் மேல் நிற்கிற பெண்களை ஒவ்வொருத்தியாக எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் யாரோ நகர்ந்ததில் கணக்குத் தவறிப்போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.