காதுக்கு மேலே ஒரு குழி

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். சேரன்மகாதேவியில், தாமிரபரணிப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தேன். எனக்கு ஒன்பது வயசு. கழுத்தில் தாலி ஏறி ஒரு வருஷம். இடது காதுக்கு மேலே நல்ல அடி. ஆனாலும் சிரிச்சுக்கிட்டேதான் வீட்டுக்கு நடந்து வந்தேன். தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போகும்னு அம்மா படுக்க வச்சா. அதுதான் ஆபத்துன்னு யாருக்குத் தெரியும்!

மத்தியானம் வாந்தி. அப்புறம் வலது கையைத் தூக்க முடியலை, நாக்கும் புரளலை. பேய் அடிச்சிருக்குன்னு திருநீறு பூசினாங்க. அப்பாதான் பயந்துபோய் வண்டி கட்டி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக.

டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டுது. மண்டைக்குள்ளே ரத்தம் கட்டியிருக்கு, தலையைச் சிரைச்சு, எலும்பில் துளை போட்டு எடுக்கணும், அதுவும் உடனே. ஐயோ, அந்தப் பயம்! கத்தணும்னு இருக்கு, குரல் வரலை.

"தாலி கட்டின பிள்ளைக்கு மொட்டையா? மருமகன் உசிருக்கு ஆகாதே!"ன்னு அம்மா அலறினா. எங்க சனத்தில் புருஷன் செத்தவளுக்குத்தான் மொட்டை. அப்பா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாக. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இவங்க பேசி முடிக்கதுக்குள்ளே செத்துருவேன்னு தோணிப்போச்சு.

என் மாமியாருக்குப் பாளையங்கோட்டைதான். அவுக வாறாகன்னாலே நான் கதவுக்குப் பின்னாலே ஒளிஞ்சுக்கிடுவேன். சேதி கேட்டு ஓடி வந்தவுக, "என் மகனை நான் பாத்துக்கிடுதேன். முடி போனா மொளைக்கும், பிள்ளை போனா மொளைக்குமா? சீக்கிரம் செரைக்கச் சொல்லுங்க, சம்பந்தி!"ன்னு ஒரு அதட்டு போட்டாக.

துளை போட்டு ரத்தத்தை எடுத்த மூணாம் நாள் "தண்ணி"ன்னு கேட்டேனாம். முதல்ல அழுதது மாமியார்தானாம்.

வருஷங்கள் கழிச்சு அதே டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வைத்தியம் படிக்கிறவங்களுக்கு, துளை போட்ட இடத்தில் இருக்கிற குழியைக் காட்டணும், அளந்து எழுதி வைக்கணும், சம்மதமான்னு கேட்டார். மாட்டவே மாட்டேன்னேன். மறுபடி தலையில் கை வைக்க விடுவேனா? அவர் கோபப்படலை. "எங்கே துளைக்கணும்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது? செத்துப்போன ஒரு கூலிக்காரர் தலையைத் திறந்து பார்த்துத்தாம்மா படிச்சேன்"னார். நான் கொண்டையை அவிழ்த்துட்டு அவர் முன்னாலே உக்காந்தேன்.

இப்போ அந்தப் படிக்கிற பிள்ளைங்களுக்குக் காட்ட வருஷா வருஷம் போறேன். செத்தப்புறம் என் தலையைத் திறந்து பார்க்கலாம்னு கையெழுத்தும் போட்டாச்சு. முன்பின் தெரியாத விரல் அந்தக் குழியில் படும்போதெல்லாம் இன்னமும் உடம்பு தூக்கிப் போடுது. பயந்துக்கிட்டேதான் தலையைக் குனியுதேன். நாளைக்கு யாரோ பெத்த பிள்ளை நாக்குப் புரளாமக் கிடக்கும்போது, எங்கே துளைக்கணும்னு அந்த விரலுக்குத் தெரிஞ்சிருக்கணுமே.