ரீபேயில் இருந்து எங்கள் வீட்டுக்கு

இந்த வசந்தத்திலும் எங்கள் ஊரான பிராண்டேயின் பேக்கரியில் அந்தச் சதுரப் பணிஸ் வந்துவிட்டது. ஏலக்காய் மணம் ரோட்டுவரை வந்து ஆளை இழுக்கும். பெரிய பிரார்த்தனை நாள் என்று டென்மார்க்கில் முன்பு ஒரு லீவு இருந்தது. அதற்கு முதல்நாள் இந்தப் பணிஸைச் சுடவைத்து, வெண்ணெய் பூசித் தின்பார்கள். பாதுகாப்புச் செலவுக்குக் காசு வேணுமென்று அரசாங்கம் அந்த லீவை எடுத்துவிட்டது. பணிஸில் மட்டும் கைவைக்கவில்லை. வைத்திருந்தால் டெனிஷ்காரன் சும்மா விட்டிருப்பானோ?

நாலு பணிஸ் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வர, ஹ்விடோவ்ரேயில் இருக்கிற மகள் என் கைத்தொலைபேசிக்கு எடுத்தாள். வீட்டுப் போனின் பழைய கம்பி லைனை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்களாம், கொம்பனி கடிதம் போட்டு மூன்று கிழமையாம். எங்கள் டிஜிட்டல் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பது அவள்தான். எனக்கு அந்தக் கடவுச்சொல் வித்தையெல்லாம் சரிவராது. ஆரும் எடுக்காத போன், தூக்கி எறியுங்கோ என்று டெனிஷில் சொன்னாள். ஓம் ஓம் என்றேன். ஒரு கையில் பணிஸ், மறுகையில் போன் செய்தி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ர மண்டை வேறெங்கே போகும், ரீபேக்குத்தான் போகும்.

ரீபே எங்களிடமிருந்து ஒன்றேகால் மணித்தியாலக் கார் ஓட்டம். டென்மார்க்கில் இதைவிடப் பழைய ஊர் இல்லை என்பார்கள். கோணல்மாணல் வீடுகள், கல்லுப் பாவிய ஒழுங்கைகள், நடுவில் பெரிய தேவாலயம். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம், அந்தப் பிரார்த்தனை நாள் லீவோடு வந்த சனி ஞாயிறு, நானும் மனுசியும் அங்கே போனோம். எந்த மே என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வன்னியில் சனம் கடற்கரையோரம் ஒரு துண்டு மண்ணுக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்கள். அந்த நேரத்தில் உல்லாசப் பயணம் போன ஆள் நான். பிராண்டேத் தமிழ்ச் சனத்துக்குத் தெரிந்தால் காறித் துப்பியிருக்கும். ஸ்பெசலிஸ்ட் டொக்டரிட்டப் போறம் என்று பக்கத்து வீட்டு அண்ணைக்குப் பொய் சொல்லிவிட்டுத்தான் காரை எடுத்தேன்.

ஏன் போனோம் என்றால், மனுசி நாலு மாதமாக வீட்டுப்படி இறங்கவில்லை. அவளுடைய தம்பி ரூபன் கிளிநொச்சியில் இருந்தவன். தை மாதத் தொடக்கத்தில், ஆரோ ஒருவரின் போனில் ஒரு நிமிடம் கதைத்தான். அந்த நிமிடத்தில் அவன் சொன்னது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. "அக்கா, இந்த நம்பரை ஒருக்காலும் மாத்திப்போடாதேங்கோ. எனக்குப் பாடமான நம்பர் இது ஒண்டுதான். அங்கால வந்தவுடன எடுப்பன்."

அவ்வளவுதான். அதன்பிறகு மனுசி அந்தப் போனுக்குக் காவல். முதியோர் பராமரிப்பு வேலைக்குச் சுகவீன லீவு. குளிக்கப் போனாலும் குளியலறைக் கதவு நீக்கலாக இருக்கும். போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, அதிலேயே இருந்து மரக்கறி வெட்டுவாள். ரிசீவரில் எப்போதும் வெங்காய மணம். நான் காற்றாலைத் தொழிற்சாலையில் இருந்து களைத்து வந்து கதவைத் திறந்தால், முதல் கேள்வி, உங்களுக்கு ஏதும் கோல் வந்ததோ. சாப்பாடு இரண்டாவதுதான். கடுப்பு வரும், உண்மையைச் சொல்கிறேன். பிறகு அந்த முகத்தைப் பார்த்தால் கடுப்பு போய்விடும்.

மகள் அப்போது ஓகூஸில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வந்து தாயைப் பார்த்துப் பயந்துபோய், எங்கள் இருபதாவது கல்யாண நாளைச் சாட்டி, ரீபேயில் இரண்டு நாளுக்கு அறை போட்டுவிட்டாள். மனுசி மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டுப் போனுக்கு வருகிற அழைப்பை என் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடலாம், நட்சத்திரம் இருபத்தொன்று அடித்தால் சரி என்று நான் விளங்கப்படுத்தினேன். என் தொழில்நுட்பத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. வீடியோ டெக்கில் கல்யாணக் கசெற்றை அழித்தவன் நான்.

அதனால் ரீபேயில் நாங்கள் முதல் தேடியது தேவாலயத்தையும் அல்ல, ஆற்றையும் அல்ல, ஒரு ரெலிபோன் பெட்டியைத்தான். சதுக்கத்தின் ஓரத்தில் ஒன்று நின்றது. நான் உள்ளே போய்ச் சில்லறை போட்டு எங்கள் வீட்டு இலக்கத்தை அடிக்கவேண்டும். அவள் பத்தடி தள்ளி என் கைத்தொலைபேசியோடு நிற்பாள். அடித்தேன். அவள் கையில் மணி அடித்தது. கண்ணாடிக்கு அங்கால் நின்று, அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஓம், வேலை செய்யுது" என்றாள்.

இப்படி ஒரு தடவையோ? வந்தவுடன் ஒன்று, தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஒன்று, அடுத்தநாள் காலை பணிஸ் சாப்பிட்டுவிட்டு ஒன்று. ஹொட்டேலில் மிஞ்சின பிரார்த்தனைப் பணிஸைக் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்தார்கள். ஏலக்காய் மணத்தில் அவளுக்கே கொஞ்சம் உயிர் வந்துவிட்டது. மூன்றாவது தரம் நான் எடுத்தபோது, எங்க நிக்கிறியள் என்று கேட்டாள். உமக்கு முன்னாலதான் என்றேன். வீட்டில ஆரும் இருக்கினமோ என்றாள். இல்லை, அவை ரீபேக்குப் போயிட்டினம் என்றேன். எங்கள் குரல் பிராண்டேக்குப் போய், ஆளில்லாத வீட்டைத் தொட்டுத் திரும்பிவந்தது. நாலு மாதத்தில் அவள் என்னோடு விளையாட்டாகக் கதைத்தது அதுதான் முதல்.

பிறகு தேவாலயத்துக்குப் போனோம். வாசலில் அவள் சப்பாத்தைக் கழற்றப் பார்த்தாள். நான் தடுத்தேன். என்றாலும் கோயில் கோயில்தானே, உள்ளே மணி அடிக்கக்கூடாது என்று, அவள் சப்பாத்தைத் திரும்பப் போடுகிற நேரம் போனை வாங்கி, அவளுக்குச் சொல்லாமல் சத்தத்தை நிற்பாட்டிக் கொடுத்தேன். ரூபனுக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை. கும்பிட்டு முடிய, அவ்வளவு நேரமும் கைக்குள் பொத்தி வைத்திருந்த போனை என் ஜக்கற் பொக்கற்றுக்குள் போட்டு, கொஞ்சநேரம் வைச்சிருங்கோ என்றாள்.

கோபுரத்தில் ஏறினோம். இருநூற்றுச் சொச்சம் படி. எனக்கு மூச்சு வாங்கிய வாங்கலில், இறங்கி வந்த ஒரு டெனிஷ் கிழவனார் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். மேலே சரியான காற்று. மரமில்லாத பச்சை வெளி கடல்வரை போனது. ஊரில ஆனையிறவு வெளி மாதிரிக் கிடக்கு என்றாள். அந்த நேரம் பார்த்து, அந்தப் பயணத்துக்கென்றே நான் வாங்கிய தொப்பியைக் காற்றுத் தூக்கியது. அது ஆறுதலாகச் சுற்றிச் சுற்றிப் போய்த் தேவாலயக் கூரையில் குந்திக்கொண்டது. மனுசி சிரிக்கத் தொடங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். நான் மொட்டைத் தலையோடு நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தோம். பழைய வெள்ளங்கள் எவ்வளவு உயரத்துக்கு வந்தன என்று குறித்த கம்பம் ஒன்று அங்கே நிற்கிறது. அவள் ஐஸ்கிறீம் வாங்க வரிசையில் நின்றாள். அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. சத்தத்தைத் திரும்பப் போடவில்லை. எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்பு ஒன்று. இலக்கம் இல்லை.

ஏதாவது விற்கிறவன் எடுத்திருக்கலாம். லைன் மாறி வந்திருக்கலாம். ஆரென்று பார்க்க வழியில்லை. வரிசையில் நின்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, தலையைத் தொட்டுக் காட்டி, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அழைப்பை அழித்துவிட்டுச் சத்தத்தைப் போட்டேன். பின்னேரம் சொல்லுவோம் என்று நினைத்தேன். பின்னேரம், வீட்டுக்குப் போய் என்றானது. வீட்டுக்குப் போய் ஒன்பதாவது நாள் போர் முடிந்தது. அதன்பிறகு எந்த வாயால் சொல்வது?

ரூபன் எடுக்கவேயில்லை. முகாம் பட்டியல்களிலும் அவன் பெயர் இல்லை. மனுசி வேலைக்குத் திரும்பினாள், மகளைக் கட்டிக்கொடுத்தோம், எனக்குப் பென்சன் வந்தது. போன் மட்டும் விறாந்தையில் அதே இடத்தில். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கிறபோது அதையும் துடைத்து, ரிசீவரைத் தூக்கி, அந்த நீள இரைச்சல் கேட்கிறதோ என்று பார்த்து வைப்பாள். நானும் அந்தப் பக்கம் பாராமல் பதினாறு வருசம் கடந்து போனேன்.

மகள் லைன் விசயம் சொன்ன அன்றைக்கு, வாங்கிவந்த பணிஸைச் சுடவைத்தேன். தேத்தண்ணீர் ஊற்றினேன். லைனை நிறுத்துகிறார்கள் என்று சொன்னேன். அதோடு மற்றதையும் சொல்லிவிட்டேன். கோயிலில் சத்தத்தை நிற்பாட்டியது, ஆற்றங்கரை, அழித்தது, எல்லாம்.

அவள் பணிஸைத் துண்டு துண்டாகப் பிய்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லம்.

"அண்டைக்குப் போனை உங்கட பொக்கற்றுக்குள்ள வைச்சது நான்தானே," என்றாள். "எனக்கு ஒரு மணித்தியாலம் அதைப் பாக்காமல் இருக்கவேணும் போல இருந்தது. இவ்வளவு காலமும் அதை நான் ஆருக்குச் சொல்ல?"

பிறகு எழும்பித் தன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போனாள். சமையலறை யன்னலால் அவளுடைய முதுகு தெரிந்தது. விறாந்தையில் போன் அடித்தது. எத்தனை வருசத்துக்குப் பிறகு! அவள்தான் என்று தெரிந்தும் ஓடிப்போய் எடுத்தேன்.

"வேலை செய்யுதோ?" என்றாள்.

"ஓம், வேலை செய்யுது," என்றேன்.

கொஞ்சநேரம் இரண்டு பேரும் வைக்கவில்லை.

மாதம் முடிந்த அடுத்தநாள் காலை ரிசீவரைத் தூக்கிப் பார்த்தேன், இரைச்சல் இல்லை. கோடையில் ரீபேக்குப் போனோம். ரெலிபோன் பெட்டி நின்ற இடத்தில் இப்போது சைக்கிள் விடுகிறார்கள். கூரையில் தொப்பியும் இல்லை. பிரார்த்தனை நாளும் இல்லை. போன கிழமை டொக்டரின் கவுண்டரில் இருந்த பெட்டை, மனுசியிடம் தொடர்புகொள்ள ஒரு நம்பர் கேட்டாள். மனுசி யோசிக்கவேயில்லை, அந்தப் பழைய எட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டை எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.