கொழும்புக்குப் போக வர ஒரு டிக்கெட்

நான்கு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, மண்டையைப் போட்டுவிட்டேனா என்று திருவெறும்பூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு எழுதிக் கேட்டிருக்கிறார். அக்கறைக்கு நன்றி. இன்னும் போடவில்லை. கொழும்புக்குப் போயிருந்தேன். அதுவும் எப்படி? ஆகாய விமானத்தில்!

கொழும்பில் இருப்பது என் ஒரே பெண் ரங்கம். கல்யாணமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கம்பெனியில் உத்தியோகம். 'வந்து கொஞ்ச நாள் இருங்கப்பா, ரயிலும் கப்பலும் வேண்டாம், உங்களுக்குத் தலை சுத்தும், பிளேன்ல வாங்க' என்று எழுதியிருந்தாள். பிளேன் என்றால் சும்மாவா? ஆனால் அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி போய் ஒன்றரை வருஷமாகிறது. திருச்சி புத்தூரில் நானும் ஒரு ரேடியோவும்தான் குடித்தனம். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து கேரியரில் வருகிறது. செய்தி வாசிப்பவர் 'வணக்கம்' என்றால் நானும் 'வணக்கம்' என்கிறேன். போன மழைக்காலத்தில் அவரிடம் 'இங்கயும் நல்ல மழைதான்' என்று சொல்லிவிட்டு, என் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

ஆகவே கொழும்புக்குப் போனால் திரும்பாமல் அங்கேயே இருந்துவிடலாமா என்று ஓர் ஆசை. ஆசைதான்... வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதாவது! நம் பக்கத்தில் அது ஒரு பேச்சாகிவிடும். அவர்களாகக் கேட்க வேண்டும். அதிலும் மாப்பிள்ளை வாயால் கேட்க வேண்டும். நாம் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, 'சரி, நீங்க இவ்வளவு சொல்றதுனால...' என்று இழுக்க வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கன்டோன்மென்டில் இருக்கும் விமானக் கம்பெனி ஆபீஸுக்கு டிக்கெட் எடுக்கப் போனேன். அங்கே இருந்த இளைஞர் மிகவும் மரியாதை தெரிந்தவர்.

"சிங்கிளா சார், ரிட்டர்னா?"

"சிங்கிள்" என்றேன். குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. சிங்கிள் எடுத்துட்டுப் போயி, அங்க இன்னொரு சிங்கிள் எடுத்தீங்கன்னா தண்டம். ரிட்டர்ன்ல சலுகை இருக்கு. அதுலயும் முப்பது நாளைக்குள்ள திரும்பிட்டா இன்னும் மலிவு. பணம் மட்டும் வாபஸ் கிடையாது. கூட்டிக் கழிச்சா முப்பத்தெட்டு ரூபாய் மிச்சம் சார்!"

முப்பத்தெட்டு ரூபாய்! கத்தரிக்காய்க்குப் பேரம் பேச காந்தி மார்க்கெட்டுக்கு நடந்தே போகிற ஆசாமி நான். என்னிடம் போய் இப்படிச் சொல்லலாமா? "போடுங்க ரிட்டர்ன்" என்று சொல்லிவிட்டேன்.

சிக்கனம் அதோடு நிற்கவில்லை. ஆளுக்கு நாற்பத்து நான்கு பவுண்டு சாமான்தான் இலவசம். ரங்கத்துக்கோ மாகாளிக் கிழங்கு ஊறுகாய், வடாம், புளி, ஸ்ரீரங்கம் தாயார் சன்னதி மஞ்சள் என்று பட்டியல் பெரிது. பெட்டியில் கொண்டதுபோக மிச்சத்தை என் மேலேயே ஏற்றிக்கொண்டேன். சித்திரை வெயிலில் கோட்டு. இரண்டு பக்கப் பாக்கெட்டிலும் ஊறுகாய் பாட்டில். உள் பாக்கெட்டில் புளி. வேட்டிக்கு மேல் கோட்டும், கோட்டுக்குள் வியர்வையுமாக விமான நிலையத்தில் போய் நின்றால், பெட்டியை நிறுத்தவர் சொல்கிறார்: "சின்ன பிளேன் சார், உங்களையும் நிறுக்கணும். மெஷின் மேல ஏறுங்க."

ஏறினேன். முள் எங்கேயோ போய் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், என் பாக்கெட்டைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "பொண்ணு வீட்டுக்கா சார்?" என்று மட்டும் கேட்டார். ஆளுக்குக் காசு கிடையாதாம். தப்பித்தேன்.

விமானம் எழும்பி ஒரு வட்டமடித்தது. கீழே காவிரி, கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம், அந்த மொட்டைக் கோபுரம். எல்லாம் தெரிந்தது. 'இதையெல்லாம் இனி எப்போது பார்ப்போமோ' என்று நினைத்துக்கொண்டேன். பையில் ரிட்டர்ன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நினைக்கிற நினைப்பா இது?

ரங்கம் இளைத்திருந்தாள். ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. மாடியில் ஓர் அறையை எனக்கென்று ஒழித்து, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். ஜன்னல் ஓரமாக எழுதுவதற்கு ஒரு மேஜை. நாலு நாள் வந்துபோகிற ஆளுக்கு எதற்கு மேஜை? எனக்கு அப்போது அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மாமா... திருச்சியில நீங்க தனியா... அதாவது, நாங்க ரெண்டு பேரும் என்ன நினைச்சோம்னா..."

அந்த மனிதரை முடிக்கவிட்டேனா? என் தனிமையைப் பற்றி இரக்கமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. சட்டென்று பேச்சை மாற்ற வேண்டுமே! எழுந்துபோய் டிக்கெட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தேன்.

"இதைப் பாருங்க மாப்பிள்ளை. ரிட்டர்ன்! முப்பத்தெட்டு ரூபாய் மிச்சம். இருபத்தெட்டாம் நாள் திரும்பறேன், உங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது!"

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு ரங்கத்தைப் பார்த்தார். "நல்லது மாமா. கெட்டிக்காரத்தனம்தான்" என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. நானும் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார்... கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். புறக்கோட்டையில் துணி எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். ஆனால் 'இருங்க' என்று யாரும் சொல்லவில்லை. சரிதான், இவ்வளவுதான் போலிருக்கிறது, சிறுசுகளுக்கு நாம் பாரம்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். டிக்கெட் கையில் இருந்தது கௌரவமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் நான் அதை முப்பத்தெட்டு ரூபாய்க்காக எடுக்கவில்லை. கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கேட்காவிட்டாலும் தலை நிமிர்ந்து திரும்பலாமே என்றுதான் எடுத்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ரங்கம் என் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"வந்த அன்னிக்கு அவரு உங்களை இங்கயே இருந்துடச் சொல்லத்தான்பா ஆரம்பிச்சாரு. அவருக்குப் பேச வராது. ஒரு வாரமா என்கிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தாரு. விசாவை நீட்டிக்கறதுக்குக்கூட ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட பேசி வச்சிருந்தாரு."

நான் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"ஏம்மா... அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க டிக்கெட்டைக் காட்டினீங்களேப்பா. திரும்பிப் போறதுல அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

சந்தோஷமாம்! அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா நான்? 'போகவில்லை' என்று ஒரு வார்த்தை. ஐந்தே எழுத்து. பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு அது வரவில்லை. "அந்தக் காலி வடாம் டப்பாவை மட்டும் பெட்டியில வச்சுடும்மா" என்றேன். அவளும் வைத்தாள். அவள் கேட்கட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவளும் அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்தார்கள். பதினெட்டு பவுண்டு. "இன்னும் எவ்வளவோ கொண்டுபோகலாமே ஐயா" என்றார் அங்கிருந்தவர். கொண்டுவர என்ன இருக்கிறது? மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கங்க மாமா" என்றார். ரங்கம் என்னைப் பார்க்காமல் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தூர் வந்து பூட்டைத் திறந்தேன். ரேடியோ மேல் நான்கு வாரத் தூசி. மெஸ்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன். கேரியர் வந்தது. சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு அதைச் சொல்லவும் ஆள் வேண்டியிருக்கிறது.

விமான டிக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்க விரும்பும் வாசகர்களுக்கு என் அனுபவம் இதுதான். போக வர எடுங்கள், மலிவு. சந்தேகமே இல்லை. ஆனால் அதை வாங்குவது சிக்கனத்துக்காகவா, ரோஷத்துக்காகவா என்று கவுண்டரில் நிற்கும்போதே மனசைக் கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து ரோஷத்துக்கு எந்தக் கம்பெனியும் சலுகை கொடுப்பதில்லை.

வந்து பத்து நாளாகிறது. ரங்கத்துக்குக் கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். 'சௌக்கியமாக வந்து சேர்ந்தேன்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. பிறகுதான் இந்த வாரப் பத்தியை எழுத எடுத்தேன். இந்தப் பத்திரிகை கொழும்புக்கும் போகிறது. மாப்பிள்ளை தவறாமல் வாங்குவதைப் பார்த்தேன். முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

ரங்கம், இன்னொரு தடவை கேளம்மா.